மழைக் கணக்கை அணியாக்குவது: ஆர் மொழியில் எந்த வழியை நம்பலாம்?

“பெரியப்பா, கையில் மூணு வெக்டர் இருக்கு. அதை ஒரு அணியாக்கணும். ஆளுக்கு ஒரு வழி சொல்றாங்க. நான் எதை எடுத்துக்கிறது?”

போன சனிக்கிழமை ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பி மகள் கேட்டாள். ரெதுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். புள்ளியியல் கணக்குக்குப் பயன்படும் ஆர் என்ற கணினி மொழியில் ஒரு பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காக, கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் மூன்று பேரிடம் மழை அளவு எழுதிய நோட்டுப் புத்தகங்களை வாங்கி வந்திருந்தாள். ஒரு மழைமானி கிழக்கே பெல் ஏரில், ஒன்று மேற்குக் கடற்கரையில் தமரின் பக்கம், மூன்றாவது மேட்டு நிலத்தில் கியூர்பீப் அருகே. தீவு சின்னதுதான், ஆனால் மேட்டில் கொட்டுகிற மழையில் ஒரு சிறு பங்குதான் மேற்குக் கரைக்குக் கிடைக்கும். இந்த வித்தியாசம் பின்னால் நமக்கு உதவப் போகிறது.

வெக்டர் என்றால் மதிப்புகளை ஒரே வரிசையில் அடுக்கி வைத்தது. அணி என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த அதே அணிதான். கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். மாதங்கள் பன்னிரண்டு நிரைகள், மழைமானிகள் மூன்று நிரல்கள். இதைக் கட்ட ஆர் மொழியில் மேட்ரிக்ஸ், டிம், சி-பைண்ட், ஆர்-பைண்ட், எஸ்-அப்ளை, வி-அப்ளை என்று பல கட்டளைகள், பல வழிகள் இருக்கின்றன. ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தை அளக்கிறார்கள். 36 எண்களுக்கு எந்த வழியும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், அதனால் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. தரவில் ஒரு குறை இருந்தால் இந்த வழி வாயைத் திறந்து சொல்லுமா, இல்லை பூசி மெழுகிவிடுமா? இத்தனை வருடமாக மழைக் கணக்குப் போட்டதில் இந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலில், எல்லா எண்களும் ஒரே நீள வெக்டராக இருக்கும் நிலை. நோட்டில் வரிக்கு ஒரு மாதம், வரிக்குள் மூன்று இடங்கள் என்று எழுதியிருந்தால் நாம் படிக்கிற மாதிரியே தட்டச்சு செய்துகொண்டு போவோம். எடுத்துக்காட்டுக்கு இரண்டே மாதம் வைத்துக்கொள்வோம். ஜனவரி வரியில் பெல் ஏர் 210, தமரின் 95, கியூர்பீப் 340. பிப்ரவரி வரியில் 180, 88, 300. தட்டச்சு செய்த வெக்டர் 210, 95, 340, 180, 88, 300 என்று இருக்கும். இதை மேட்ரிக்ஸிடம் கொடுத்து ‘இரண்டு நிரை’ என்று மட்டும் சொன்னால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஜனவரி நிரையில் 210, 340, 88. பிப்ரவரி நிரையில் 95, 180, 300. அதாவது தமரினில் ஜனவரியில் 340 மில்லிமீட்டர், கியூர்பீப்பில் 88!

காரணம் எளிது. ஆர் மொழிக்கு அணி என்று தனியாக ஒன்றும் இல்லை. அது ஒரு வெக்டர்தான், கூடவே ‘இத்தனை நிரை, இத்தனை நிரல்’ என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். அந்த வெக்டர் நிரல் நிரலாக நிரப்பப்படுகிறது, முதல் நிரல் முடிந்த பிறகே இரண்டாவது. ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியின் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. பைத்தான் மொழியில் நம்பை என்ற நூலகத்தைப் பழகிவிட்டு வருகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே வழக்கமான நிரப்பல் நிரை நிரையாகப் போகும்.

இந்தப் பிழையின் கெட்ட குணம், வழக்கமான சரிபார்ப்பில் இது மாட்டாது. மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்: சரியான அணியிலும் 1213, தவறான அணியிலும் 1213. எண்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கின்றன, உட்கார்ந்த இடம்தான் தப்பு. பெல் ஏரின் சராசரி 195 ஆக இருக்க வேண்டியது 152.5 ஆகிவிட்டது. எங்கள் தீவில் வரிசை மாறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழுக்கும் இந்திக்கும் இடம் மாறியபோது தமிழ் மக்கள் எதிர்த்து எழுந்தார்கள், அந்த நோட்டுகள் 1999-ல் திரும்பப் பெறப்பட்டன. நோட்டில் இடம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். அணிக்குள் மாறினால் பார்க்க ஆள் இல்லை.

அதனால் மேட்ரிக்ஸ் எடுத்தால், நிரை நிரையாக நிரப்பவா என்று சொல்லும் பை-ரோ என்பதை எப்போதும் எழுதிவிடுங்கள். நிரல் வாரியாக வேண்டும் என்றாலும் பை-ரோ ஃபால்ஸ் என்று எழுதுங்கள். இயல்பே அதுதானே, எதற்கு எழுதணும் என்று கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கிறவருக்கு, எழுதியவர் இதை யோசித்துத்தான் செய்தார் என்று தெரியும். கூடவே நிரை எண்ணிக்கை, நிரல் எண்ணிக்கை இரண்டையும் கொடுங்கள், இடப் பெயர்களையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். அப்புறம் அணியை ஒரு முறை திரையில் அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள். கியூர்பீப் ஜனவரி 88 என்று வந்தால் இந்தத் தீவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மேட்ரிக்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. எண்கள் போதாவிட்டால் முதலிலிருந்து மறுபடி எடுத்து நிரப்பிக்கொள்ளும். 36 இருக்க வேண்டிய இடத்தில் 35 இருந்தால் எச்சரிக்கை வரும், ஆனால் அணியும் கட்டப்பட்டுவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இதோடு ஒப்பிட்டால் டிம் வழி கண்டிப்பானது. வெக்டருக்கு நேரடியாக டிம் மதிப்பை 12, 3 என்று கொடுத்தால், எண்ணிக்கை சரியாக 36 இல்லாவிட்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். நிரப்பித் தருகிற வேலையே கிடையாது. ஆனால் நிரல் வாரியாக மட்டும்தான் போகும். நோட்டிலிருந்து வரி வரியாகத் தட்டியிருந்தால் 3, 12 என்று கொடுத்துவிட்டு டி போட்டு நிரை நிரலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பார்க்க அழகில்லை. ஆனாலும், யாரோ அனுப்பிய கோப்பிலிருந்து ஒரே நீள வெக்டர் வருகிறது, அதன் நீளத்தை நம்ப முடியாது என்றால் எனக்கு டிம்தான் பிடிக்கும்.

சரி, தம்பி மகளின் நிலை இது இல்லை. அவளிடம் இருந்தது மூன்று தனித்தனி வெக்டர்கள். இங்கே எல்லோரும் கை வைப்பது சி-பைண்டில்தான். சி என்றால் நிரல், ஆர்-பைண்டில் ஆர் என்றால் நிரை. வெக்டர்களின் பெயரை அடுத்தடுத்துக் கொடுத்தால் அவற்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, அந்தப் பெயர்களையே நிரல் தலைப்பாகவும் போட்டுத் தரும். படிக்க இதைவிடத் தெளிவான வரி கிடையாது. இரண்டு மூன்று வெக்டர், எல்லாம் ஒரே நீளம், ஒரே வரிசை என்று உறுதியாகத் தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. கரும்பு ஏற்ற வந்த லாரி பின்னால் எடுக்கும்போது மோதி, பெல் ஏர் மழைமானியின் கம்பம் சாய்ந்துவிட்டது. அந்த வருடம் பெல் ஏருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஆறே அளவுகள்தான். மற்ற இரண்டுக்கும் பன்னிரண்டு. நான் மூன்றையும் சி-பைண்டில் போட்டேன். ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. பன்னிரண்டு நிரை, மூன்று நிரல், ஓர் இடம்கூடக் காலி இல்லாத அழகான அணி கிடைத்தது. ஜூலைக்கு ஜனவரியின் மழை, ஆகஸ்டுக்குப் பிப்ரவரியின் மழை என்று ஆறும் அப்படியே இரண்டாவது தடவை இறங்கியிருந்தன. வருடத்திலேயே மழை குறைந்த அக்டோபருக்கு ஏப்ரலின் மழை. அந்தச் சராசரியை வைத்து அடுத்த வருட நீர்ப்பாசனத்தைப் பற்றி உறவினரிடம் பேசினேன். “அக்டோபரில் இவ்வளவு மழையா? எனக்கு நினைவில்லையே” என்று அவர் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஆறு, பன்னிரண்டைச் சரியாக வகுக்கும். அதுதான் விஷயம். ஏழு அளவுகள் இருந்திருந்தால் ‘நீளம் பொருந்தவில்லை’ என்று ஆர் எச்சரித்திருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று பன்னிரண்டை வகுக்கும் எண்கள் நிறைய இருப்பதால், மாதக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பள்ளம் மற்றவர்களைவிட அகலமானது. காலாண்டுத் தரவு, அரையாண்டுத் தரவு எல்லாம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். நிரலுக்கு ஒரு வகை மதிப்பு வைக்கக்கூடிய டேட்டா ஃபிரேம் என்ற அட்டவணைக்குப் போனால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் ஆறைப் பன்னிரண்டாக நீட்டித் தரும். அதன் மாற்று வடிவமான டிபிள், ஒற்றை மதிப்பைத் தவிர வேறெதையும் நீட்ட மறுத்துப் பிழை சொல்லும்.

முன்கூட்டியே என்.ஏ. (மதிப்பு இல்லை என்ற குறி) நிரப்பிய காலி அணியை வைத்துக்கொண்டு நிரல் நிரலாக மதிப்பைப் போடுகிற வழியும் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் ஒரு முழு நிரலுக்கு ஆறு எண்களைக் கொடுத்தால் இங்கேயும் இரண்டு தடவை நிரப்பிவிடும். ஏழு எண்களைக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விடாமல் பிழை சொல்லி நிறுத்தும், அந்த அளவுக்கு இது மேலானது.

நீளத்துக்கு அடுத்தது வரிசை. இதுதான் அதிகம் பேருக்குத் தெரியாது. வெக்டரின் ஒவ்வோர் எண்ணுக்கும் மாதப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கியூர்பீப் நோட்டில் கணக்கு நவம்பரில் தொடங்குகிறது, ஏனென்றால் இங்கே கோடை மழைக்காலம் நவம்பரில் தொடங்கும், அந்தத் தோட்டக்காரரின் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் எழுதுகிறார்கள். மற்ற இரண்டும் ஜனவரியில் தொடங்குகின்றன. பெயர் இருக்கிறதே, சி-பைண்ட் பெயரைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாந்தோம். முதல் வெக்டரின் பெயர்களை நிரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வந்த வரிசையிலேயே பக்கத்தில் ஒட்டிவிடும். கியூர்பீப்பின் நவம்பர், ஜனவரி என்ற தலைப்புக்கு நேராக நிற்கும். ஆர்-பைண்டும் வெக்டர்களுக்கு இதையேதான் செய்யும். டேட்டா ஃபிரேம்களை ஆர்-பைண்ட் செய்தால் மட்டும் நிரல் பெயர் பார்த்துச் சேர்க்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் அணியிலும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைமானியில் அந்த வருடம் ஒரு அளவும் இல்லை, வெக்டர் காலி என்றால், சி-பைண்ட் அதை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். மூன்று நிரலுக்குப் பதில் இரண்டு வரும். இரண்டாவது நிரல் தமரின் என்று எண்ணை வைத்து எடுக்கிறவர், தமரின் காலியாக இருந்த வருடத்தில் கியூர்பீப்பின் மழையை எடுத்துக்கொண்டு போவார்.

வெக்டர்கள் மூன்று இல்லை, முப்பது என்றால்? பெயர் பெயராகத் தட்ட முடியாது, ஒரு லிஸ்டுக்குள் போட்டுவிடுவோம். இங்கே தொடக்கத்தில் எல்லோரும் செய்வது, லூப் போட்டு ஒவ்வொரு தடவையும் ஆர்-பைண்டால் ஒரு நிரையைச் சேர்த்துக்கொண்டே போவது. ஒவ்வொரு முறையும் அதுவரை கட்டிய அணி முழுவதும் புதிதாக நகலெடுக்கப்படுகிறது. பத்து வருட தினசரி அளவு, அதாவது 3650 நிரை என்றால் மொத்தத்தில் சுமார் 66 லட்சம் நிரைகளை எழுதியிருப்பீர்கள். பன்னிரண்டு நிரைக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். லிஸ்டில் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் டூ-கால் மூலம் ஆர்-பைண்டை ஒரே தடவை கூப்பிட்டால் போதும். வேகம் கிடைக்கும், லிஸ்டின் பெயர்கள் நிரைப் பெயர்களாகவும் வந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பது அதே ஆர்-பைண்ட்தான், நீளம், வரிசை இரண்டிலும் அதே பள்ளங்கள்.

எஸ்-அப்ளை கொஞ்சம் வேறு மாதிரி. லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைச் செய்து, கிடைத்தவை எல்லாம் ஒரே நீளம் என்றால் நிரல்களாக நிறுத்தி அணி தரும். நீளம் வேறுபட்டால் நீட்டாது, அது நல்லது. ஆனால் பிழையும் சொல்லாது, லிஸ்டாகவே திருப்பித் தந்துவிடும். அணி என்று நம்பி எழுதிய அடுத்த வரி எங்கேயோ போய் இடித்துக்கொள்ளும், எங்கே தப்பு என்று தேடுவதிலேயே மாலை போய்விடும்.

வி-அப்ளைதான் என் தேர்வு. எஸ்-அப்ளை மாதிரியே வேலை செய்யும். கூடுதலாக, ஒவ்வொன்றிலிருந்தும் என்ன வர வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்: பன்னிரண்டு எண்கள். பதினொன்று வந்தால் நிற்கும். ஆறு வந்தாலும் நிற்கும். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தாலும் நிற்கும். நிற்கும்போது லிஸ்டில் எத்தனையாவது உருப்படி என்றும் சொல்லும். கொஞ்சம் அதிகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான் குறை.

அந்த ‘எழுத்து’ விஷயம் சாதாரணமானது இல்லை. அணிக்குள் ஒரே வகைதான் இருக்க முடியும். சி-பைண்டில் ஒரு வெக்டரில் ஒரே ஒரு சொல் இருந்தாலும் அணி முழுவதும் எழுத்தாகிவிடும், 340 என்பது மேற்கோள் குறிக்குள் போய்விடும். கூட்டும்போது பிழை வரும் என்பதால் இதில் தாமதமாகவாவது தெரியும். சொற்களை உள்ளே எண் குறியீடாக வைக்கும் ஃபேக்டர் வகையாக இருந்தால் அதுவும் தெரியாது: சி-பைண்ட் ஃபேக்டரின் உள் குறியீட்டு எண்களை 1, 2, 3 என்று மதிப்பாக எடுத்துக்கொள்ளும். 2020-ல் வந்த ஆர் 4.0.0-க்கு முந்தைய பதிப்புகள் கோப்பைப் படிக்கும்போதே எழுத்து நிரலை ஃபேக்டராக்கிவிடும். இன்னும் பழைய பதிப்பு ஓடும் கணினி கையில் இருந்தால் இதை மறக்காதீர்கள். தோட்டத்துப் பெயர், மண் வகை, மழை அளவு எல்லாம் சேர்ந்தே வேண்டும் என்றால் அணி வேண்டாம், டேட்டா ஃபிரேமுக்குப் போங்கள்.

வி-அப்ளை நீளத்தையும் வகையையும் காக்கும். வரிசையைக் காக்காது. அதற்கு ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும்: வெக்டரை அப்படியே கொடுக்காமல் மாதப் பெயரால் எடுத்துக் கொடுப்பது. ஜனவரி முதல் டிசம்பர் வரை பெயர்களை ஒரு வெக்டரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழை வெக்டரையும் சதுர அடைப்புக்குள் அந்தப் பெயர்களைப் போட்டு எடுக்க வேண்டும். ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் மந்த்.ஏபிபி என்று ஆர் மொழியிலேயே தயாராக இருக்கின்றன. இப்படி எடுத்தால் நவம்பரில் தொடங்கும் நோட்டும் ஜனவரிக்குத் திரும்பிவிடும். ஆறே மாதம் உள்ள வெக்டரிலிருந்தும் பன்னிரண்டு இடம் வரும், இல்லாத மாதத்தில் என்.ஏ. உட்கார்ந்திருக்கும். இல்லாததை இல்லை என்று காட்டுகிற அணி இதுதான். லாரி இடித்த வருடத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த உறவினரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிரைப் பெயர்களை வி-அப்ளை முதல் உருப்படியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த முதல் வெக்டரிலேயே ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் அந்த நிரையின் பெயரும் சேர்ந்து தொலையும். அதனால் அணி கட்டியதும் ரோ-நேம்ஸில் மாதப் பெயர்களை நாமே ஒரு முறை எழுதிவிட வேண்டும். சராசரி எடுக்கும்போது என்.ஏ.வை ஒதுக்கச் சொல்ல மறக்கக் கூடாது. எத்தனை மாதத்தின் சராசரி என்பதையும் பக்கத்திலேயே காட்டிவிடுவது நேர்மை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “மூணே வெக்டர்தானே, சி-பைண்ட் போட்டாலும் தப்பில்லை, பெயரால் எடுத்துப் போட்டால் போதும்” என்றும் சொன்னேன். அது உண்மைதான், மூன்றுக்கு அது போதும். ஆனால் அவள் அடுத்த வருடம் இன்னும் நாலைந்து தோட்டங்களைச் சேர்க்கப் போகிறாளாம். அதனால் வி-அப்ளையே எழுதினாள். ஓட்டினாள். உடனே நின்றது: இரண்டாவது உருப்படி எண் வகை இல்லை, எழுத்து வகை.

இரண்டாவது, தமரின். அந்த நோட்டை எழுதுவது அத்தை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அக்டோபருக்கு நேராக எண் இல்லை, ‘தூறல் மட்டும்’ என்று அத்தையின் உருண்டையான கையெழுத்தில் இருந்தது. இவள் அதை அப்படியே தட்டியிருக்கிறாள்.

“அத்தைக்கு ஃபோன் போடவா பெரியப்பா?”

போட்டாள். அளவுக் குழாயில் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை என்று அத்தை சொன்னார். சுழியம் என்று மாற்றி, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்தோம். மறுபடி ஓட்டியபோது அணி வந்தது, தமரினும் கியூர்பீப்பும் சரியாக நின்றன, பெல் ஏர் நிரல் மட்டும் மேலிருந்து கீழ்வரை என்.ஏ. அந்த நோட்டில் மாதங்கள் பிரெஞ்சில் இருந்தன: ழான்வியே, ஃபெவ்ரியே, மார்ஸ். அவள் பன்னிரண்டு பெயர்களையும் மாற்றத் தொடங்கினாள், நான் தேநீர் போட உள்ளே போனேன்.